பெரிய அரச வேலையில் சின்னக் கொந்தராத்து: வன்னியில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

மதகு கட்டத் தெரிந்த மேசன் கிளிநொச்சியிலும் இருக்கிறார், ஒட்டுசுட்டானிலும் இருக்கிறார், மடுவிலும் இருக்கிறார். கம்பி கட்ட, பலகை அடிக்க, குளக்கட்டுக்குக் கல் பதிக்க, புல் பதிக்க ஆள் இல்லாத ஊர் வன்னியில் இல்லை. ஆனாலும் ஏ9 போட்டபோதும், பூநகரி வழியாக மன்னார் வீதி போட்டபோதும், ஓமந்தையிலிருந்து வடக்கே ரயில் பாதை திரும்பப் போட்டபோதும் நான் பார்த்த எங்கள் பெடியளில் கனபேர் நாட்கூலிக்குத்தான் நின்றார்கள். துணிந்து சப் (பெரிய கொந்தராத்துக்காரரிடமிருந்து ஒரு பகுதி வேலை) எடுத்தவர்களிலும் பலர் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டுக் கடனோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அளந்து கையெழுத்து வாங்கவில்லை, காசு எப்போது கைக்கு வரும் என்று முதலே கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. இந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன், மற்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

இப்போது இதை எழுதக் காரணமும் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் வட்டுவாகல் பாலத்துக்கு 1000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள், அந்த ஆண்டு செப்டெம்பரில் வேலையும் தொடங்கியது. பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் வருமென்று அறிவித்தார்கள். அதே 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து வீதியையும் குளக்கட்டையும் உடைத்துக்கொண்டு போனது. திருத்த வேலை என்றால் அதில் சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய இருக்கும், அதைச் செய்ய உள்ளூர் ஆள் வேண்டும்.

எந்த வேலையை எடுப்பது

பெரிய கொந்தராத்துக்காரர் தார் போடுகிற வேலையையோ பாலத்தின் பெரிய தூண்களையோ உங்களிடம் தரமாட்டார், அதற்கு அவரிடம் இயந்திரம் இருக்கிறது. அவர் வெளியே கொடுப்பது ஆள்கை அதிகம் தேவைப்படுகிற வேலைகள்: மதகு, பக்க வடிகால், கருங்கல் கட்டு, குளக்கட்டின் அலைகரைக்குக் கல் பதித்தல், புல் பதித்தல், கம்பி கட்டுதல், பலகை அடித்தல், குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டுதல், கட்டடம் என்றால் பூச்சு, தரை ஓடு, வயரிங், பெயின்ற். இதோடு டிப்பர், தண்ணீர் பவுசர், பெக்கோ வாடகைக்கு விடுவதும், ஆட்களுக்குச் சாப்பாடு கொடுப்பதும், புளொக்கல் அரிந்து கொடுப்பதும் சேரும். பெண்கள் குழுக்கள் புல் பதித்தலையும் புளொக்கல்லையும் மிக நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், இதை ஆம்பிளைகளின் தொழில் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

முதல் வேலையாகக் கூலிக் கொந்தராத்து எடுங்கள். அதாவது சீமெந்து, கம்பி, மெற்றல் எல்லாம் அவருடையது, ஆளும் கைச்சாமானும் உங்களுடையது. இலாபம் குறைவுதான், ஆனால் உங்கள் காசு குறைவாகத்தான் மாட்டிக்கொள்ளும். ஒன்று கவனியுங்கள். சீமெந்து கூடுதலாகச் செலவானது என்று பில்லில் வெட்டுவார்கள், ஆகவே ஒவ்வொரு நாளும் எத்தனை பை உங்களிடம் தந்தார்கள், எத்தனை பை எங்கே போனது என்று ஒரு கொப்பியில் எழுதிக் களஞ்சியக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

சப் எடுக்கிற அளவுக்குக்கூட இன்னும் துணிவு வரவில்லை என்றால் உங்கள் ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு சேர்ந்து நில்லுங்கள். உள்வீதி, சின்ன வாய்க்கால், முன்பள்ளிக் கட்டடம் போன்ற சின்ன வேலைகளைப் பிரதேச செயலகம் சங்கங்களுக்கு நேரடியாகக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அங்கே ஒரு ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளக்கிறதை, மதிப்பீடு எழுதுகிறதை, பில் பாஸ் பண்ணுகிறதைக் கிட்ட நின்று பார்க்கலாம். அந்தப் படிப்புக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பதிவுகள்

இதில் அதிகம் சொல்ல இல்லை, ஆனால் வேலை கிடைத்த பிறகு ஓடித் திரியாமல் முதலே முடித்து வையுங்கள். வணிகப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். அந்தப் பெயரில் ஒரு நடைமுறைக் கணக்கைத் திறவுங்கள், சொந்தக் கணக்கில் கொந்தராத்துக் காசை வாங்கினால் பிறகு வங்கியில் கடன் கேட்கிறபோது காட்ட ஒன்றும் இருக்காது. இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம் எடுங்கள். வற் என்கிற பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். நீங்கள் வற்றுக்குப் பதியாதவர் என்றால் வற் அறவிட முடியாது, ஆகவே விலை பேசுகிறபோதே "இது வற் இல்லாத விலை" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சீடா என்று எல்லோரும் சொல்கிற நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, முன்பு இக்டாட் என்றது இதைத்தான். சின்னச் சப் வேலைக்கு எல்லாரும் சீடாத் தரம் கேட்பதில்லை. ஆனால் நாளைக்கு நீங்களே கேள்விப்பத்திரம் போட வேண்டுமென்றால் அது வேண்டும், அதற்கு அனுபவச் சான்று கேட்பார்கள். ஆகவே செய்து முடிக்கிற ஒவ்வொரு சப் வேலைக்கும் பிரதான கொந்தராத்துக்காரரின் கடிதத் தலைப்பில் வேலையின் பெயர், பெறுமதி, தொடங்கி முடித்த திகதி போட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வேலை முடிந்து நல்ல உறவில் இருக்கிற அந்த வாரத்திலேயே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அலுவலகமே மாறியிருக்கும்.

வேலையை எங்கே தேடுவது

சைற்றுக்கு முன்னால் நிற்கிற பெயர்ப்பலகைதான் முதல் இடம். எந்தத் திணைக்களம், யார் கொந்தராத்துக்காரர், யார் ஆலோசகர், எவ்வளவு பெறுமதி, எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். போனில் படம் எடுங்கள். முடியும் திகதிக்கு நாலு மாதம்தான் இருக்கிறது, வேலை பாதிகூட இல்லை என்றால் அவர் ஆள் தேடி அலைகிறார் என்று அர்த்தம், அப்போது உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும். வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், இவற்றின் கேள்வி அறிவித்தல்கள் பத்திரிகையில் வரும். அதில் நீங்கள் போட முடியாவிட்டாலும் என்ன வேலை வருகிறது என்பது தெரியும், யாருக்கு விழுந்தது என்று பிறகு விசாரித்துப் போகலாம்.

போகிறபோது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பைலில் வணிகப் பதிவு, செய்த வேலைகளின் படங்கள், உங்களிடம் எத்தனை மேசன், எத்தனை உதவியாள், என்ன கருவி என்று ஒரு பக்கம். திட்ட முகாமையாளரைப் பார்க்க முடியாவிட்டால் கியூ.எஸ். என்கிற அளவு மதிப்பீட்டாளரைப் பாருங்கள், விலை பேசுகிறவரும் பிறகு உங்கள் பில்லைப் பார்க்கிறவரும் அவர்தான்.

அவரை நீங்கள் விசாரியுங்கள்

பெரிய கொந்தராத்துக்காரர் உங்களை விசாரிக்கிறார், சரி, நீங்களும் அவரை விசாரிக்க வேண்டும். இதைப் புதியவர்கள் யாரும் செய்வதில்லை, வேலை கிடைத்ததே பெரிய விஷயம் என்று நினைக்கிறார்கள். சைற்றுக்குக் கிட்ட உள்ள ஹாட்வெயார் கடையில் கேளுங்கள், டீசல் அடிக்கிற இடத்தில் கேளுங்கள், டிப்பர்காரர்களிடம் கேளுங்கள், அவருடைய ஆட்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இந்த நாலு இடத்திலும் கடன் நிற்கிறது என்றால் உங்கள் காசும் நிற்கும். முன்பு அவரிடம் சப் எடுத்த ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

இன்னொன்று. பெரிய ஒப்பந்தங்களில் முழு வேலையையும் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது, ஒரு பகுதியைச் சப் கொடுப்பதற்கும் ஒப்பந்தத்தை மேற்பார்க்கிற பொறியியலாளரின் சம்மதம் வேண்டும். வெளிநாட்டு நிதியில் வருகிற வேலைகளில் பாவிக்கிற பீடிக் என்கிற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது, எங்கள் நாட்டு மாதிரி ஆவணத்திலும் அப்படித்தான். ஆகவே "என்னைச் சப்பாகப் போடுவதற்குச் சம்மதக் கடிதம் எடுத்தீர்களா" என்று கேளுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார் என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கானவர் ஓம் என்பார், இல்லையென்றால் எடுத்துத் தருகிறேன் என்பார். தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு முழு வேலையையும் உங்கள் தலையில் வைக்கிறவரிடம் போகாதீர்கள், பிரச்சினை வந்தால் அந்த சைற்றில் நீங்கள் இருந்ததாகவே எந்தப் பேப்பரிலும் இருக்காது.

விலை போடுவது

பி.ஓ.கியூ. என்கிற வேலை அளவுப் பட்டியல் எல்லாம் மீற்றரில் வரும், எங்கள் ஊரில் மணலும் கிறவலும் கியூப்பில் விற்கும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அது 2.83 கன மீற்றர். இந்த ஒரு இலக்கத்தை மனப்பாடம் பண்ணுங்கள், இதில் பிழைவிட்டே நொந்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய பிழை இறுக்கிய அளவையும் தளர்ந்த அளவையும் ஒன்றாக எடுப்பது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு கிலோமீற்றர் உள்வீதி, 4 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கிறவல். பெருக்கினால் 600 கன மீற்றர், கியூப்பில் 212. மூன்று கியூப் டிப்பரில் 71 லோட் என்று கணக்குப் போட்டு விலை கொடுக்கிறீர்கள். ஆனால் அந்த 600 என்பது ரோலர் ஓடி இறுகிய பிறகு அளக்கிற அளவு. டிப்பரில் வருவது தளர்ந்த கிறவல், அது இறுகுகிறபோது வற்றும். 30 வீதம் கூட்டிப் போட வேண்டும் என்று வைத்தால் 780 கன மீற்றர், 276 கியூப், 92 லோட். உங்கள் கணக்குக்கும் நிலத்துக்கும் நடுவில் 21 லோட் வித்தியாசம், அது முழுக்க உங்கள் கைக்காசு. எந்தக் கிறவலுக்கு எவ்வளவு வற்றும் என்பது கிடங்குக்குக் கிடங்கு மாறும், அதனால் விலை கொடுக்க முன் அந்தக் கிறவலை முன்பு போட்ட ரோலர்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாதது இல்லை.

விலைக்குள் புதியவர்கள் மறக்கிறவை: ஆட்களை ஏற்றி இறக்கும் வாகனம், தண்ணீர் (கோடையில் பவுசர் இல்லாமல் கொங்கிறீற்றும் இல்லை, நனைப்பும் இல்லை), கிடங்கில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப், பலகை திரும்பப் பாவிக்க முடியாமல் போவது, கொங்கிறீற் கட்டியை உடைத்துப் பார்க்கிற கியூப் சோதனை. சோதனைக்கு யார் காசு என்று கேளுங்கள். 25ஆம் தரக் கொங்கிறீற் என்றால் 28ஆம் நாள் உடைக்கிறபோது சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் வர வேண்டும், வராவிட்டால் கட்டியதை உடைக்கச் சொல்லலாம். கலவையில் தண்ணீரைக் கூட்டி ஊற்றுகிற மேசனை அன்றைக்கே நிறுத்துங்கள்.

காசு எப்போது வரும்

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். மாதம் 10 இலட்சத்துக்கு வேலை செய்கிறீர்கள் என்று வைப்போம், அதில் உங்கள் செலவு எட்டரை இலட்சம். முதல் மாதக் கடைசியில் அளந்து பில் கொடுக்கிறீர்கள். அதைப் பிரதானகாரர் தன் பில்லோடு சேர்த்துப் பொறியியலாளருக்குக் கொடுப்பார். பீடிக் முறையில் அந்தக் கணக்கு பொறியியலாளர் கைக்குப் போன பிறகு பணம் கொடுக்க 56 நாள் வரை உண்டு. ஆகவே மூன்றாம் மாதக் கடைசியில்தான் முதல் காசு வருகிறது, அதுவும் 10 இலட்சம் இல்லை, 10 வீதம் ரிட்டென்ஷன், அதாவது வேலை முடிந்த பிறகு தருவதாகப் பிடித்து வைக்கிற காசு, போக 9 இலட்சம். அதற்குள் நீங்கள் 25 இலட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டீர்கள். ஆட்களுக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி, கடைக்காரருக்கு மாதக் கடைசி. அந்தக் காசு எங்கிருந்து வரும்? நகை அடகு, சீட்டு, பிறகு வட்டிக்காரர். வேலையில் வந்த இலாபத்தை வட்டி தின்றுவிடும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் கையில் இருக்கிற காசில் மூன்று மாதம் ஓடக்கூடிய அளவு வேலையை மட்டும் எடுப்பது. மூன்று மதகு தருகிறேன் என்றால் ஒன்றை மட்டும் முதலில் தாருங்கள் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரண்டாவது, பொருளை அவரே தரட்டும், மேலே சொன்ன கூலிக் கொந்தராத்து. மூன்றாவது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்து கூலிப் பகுதிக்காவது காசு தர வேண்டும் என்று பேசுவது. இதைப் பலர் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஆட்கள் கூலி இல்லாமல் நின்றுவிட்டால் அவருக்கும் நட்டம். "எங்களுக்குத் திணைக்களம் தந்தால்தான் உங்களுக்கு" என்கிற வரியை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். அதோடு ஒரு எல்லை போடச் சொல்லுங்கள், எப்படியிருந்தாலும் பில் கொடுத்து 45 நாளுக்குள் என்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்ட முடியாது என்று அறிவித்தபோது எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன, அந்த எல்லை போடாதவர்களுக்குக் கேட்பதற்கு வாய் இருக்கவில்லை.

முற்பணம் தருகிறேன் என்று வங்கிப் பிணை கேட்டால், நிர்மாண உத்தரவாத நிதியம் என்று ஒன்று இருக்கிறது, காணி உறுதி வைக்க இல்லாத சின்னக் கொந்தராத்துக்காரருக்கும் உத்தரவாதம் கொடுப்பதற்கென்றே உண்டாக்கியது. அங்கே விசாரிக்காமல் வீட்டுக் காணியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

வாயால் பேசியதை நம்பி ஒரு மண்வெட்டியையும் எடுக்காதீர்கள். நாலு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்திலுள்ள ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட எங்கள் சட்டத்தில் 6 வருஷம் உண்டு, வாய்ப்பேச்சில் செய்த வேலைக்கு அதைவிட மிகக் குறைந்த காலம்தான்.

என்ன வேலை, எந்த வரைபடம், எந்த இலக்கத்து வரைபடம் என்று இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் அலகு விலை இருக்கட்டும், மொத்தத் தொகையாக எடுக்காதீர்கள், ஏனென்றால் வன்னி மண்ணில் அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகும் என்று வெட்டாமல் தெரியாது. பொருளும் தண்ணீரும் மின்சாரமும் யாருடையது, காசு எத்தனை நாளில், ரிட்டென்ஷன் எவ்வளவு, எங்கே நிற்கும், எப்போது திரும்பும். அரச வேலைகளில் பொதுவாக ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து மொத்தப் பெறுமதியின் 5 வீதம் வந்ததும் நிறுத்துவார்கள். உங்களுக்கு மட்டும் கடைசி வரை 10 வீதம் பிடிப்பார்கள். "உங்களுக்குத் திணைக்களம் பிடிக்கிற மாதிரியே எனக்கும் பிடியுங்கள்" என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. விலை ஏறினால் என்ன என்பதும் இருக்கட்டும். அவருடைய ஒப்பந்தத்தில் விலை ஏற்ற இறக்கச் சூத்திரம் இருந்தால் அதில் உங்கள் பகுதிக்கு வருவதை உங்களுக்கும் தர வேண்டும் என்று ஒரு வரி போதும். 2022இல் சீமெந்து விலை ஏறின ஏற்றத்தில் அந்த ஒரு வரி இல்லாமல் நான் ஒரு பாடசாலைக் கட்டடத்தின் பூச்சு வேலையை என் சொந்தக் காசில் முடித்துக் கொடுத்தேன்.

அளவு

2017இல் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீதியில் மூன்று மதகு எடுத்தேன். வரைபடத்தில் அத்திவாரம் 1.2 மீற்றர் ஆழம். வெட்டிப் பார்த்தால் அடியில் கறுப்புக் களி, காலை வைத்தால் கணுக்கால் வரை போகிறது. சைற் பொறியியலாளர் வந்து பார்த்தார், நல்ல மனுசன், இன்னும் இரண்டடி வெட்டிக் கருங்கல் போட்டு நிரப்பச் சொன்னார். அதுதான் சரியான தீர்ப்பும். "அண்ணை, நீங்க போட்டு விடுங்கோ, பில்லில பாப்பம்" என்றார். மழை வரப் போகிறது, நாங்களும் இரவுக்கு லைற் போட்டு வெட்டி நிரப்பினோம். ஒரு மதகுக்கு 24 அடி நீளம், 10 அடி அகலம், 2 அடி ஆழம், அதாவது 480 கன அடி. மூன்றுக்கும் சேர்த்து 14 கியூப்புக்கு மேல் கல், வெட்டின மண்ணும் அதே அளவு, அதற்குக் கூலி வேறு.

அடுத்த மாதம் அந்தப் பொறியியலாளர் வேறு திட்டத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்த கியூ.எஸ். வரைபடத்தைக் காட்டி 1.2 மீற்றருக்குத்தான் காசு என்றார். அவரிலும் பிழை சொல்ல முடியாது, அவர் கையில் ஒரு துண்டுப் பேப்பரும் இல்லை. கல் எல்லாம் கொங்கிறீற்றுக்குக் கீழே. தோண்டிக் காட்ட முடியாது. ஒரு படம் இருந்தது, அதில் ஆட்கள் நிற்கிறார்கள், ஆழம் தெரியவில்லை. அந்தக் காசு வரவே இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், இதை அப்படியே செய்யுங்கள். கார்பன் தாள் வைத்து எழுதுகிற இரட்டைப் பிரதிப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். மண்ணால் மூடப் போகிற, கொங்கிறீற்றால் மூடப் போகிற எதையும் மூட முன் அளக்க வேண்டும்: வெட்டின கிடங்கு, அடிக்கல், கட்டின கம்பி, புதைத்த குழாய். பக்கத்தில் திகதி, வீதியின் எந்த இடம், பி.ஓ.கியூ.வில் எந்த இலக்கம், நீளம், அகலம், ஆழம், ஒரு சின்னப் படம். பிரதானகாரருடைய மேற்பார்வையாளரையும் வைத்து அளந்து அந்த இடத்திலேயே இரண்டு பேரும் கையெழுத்து. மேல் பிரதி அவருக்கு, அடிப் பிரதி உங்களுக்கு. போட்டோ எடுக்கிறபோது அளவுக் கோலைக் கிடங்குக்குள் நிறுத்தி, இலக்கம் வாசிக்கத் தெரிகிற மாதிரி எடுங்கள், பின்னால் ஒரு மரமோ தூணோ தெரியட்டும், எந்த இடம் என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

கையெழுத்துப் போட ஆள் வரவில்லையா, அன்று மாலையே வட்ஸ்அப்பில் போடுங்கள். "இன்று காலை 10 மணிக்கு இரண்டாம் மதகின் அத்திவாரத்தை நீங்கள் பார்த்து, களி இருப்பதால் மேலதிகமாக 600 மில்லிமீற்றர் வெட்டிக் கருங்கல் நிரப்பச் சொன்னீர்கள். வெட்டி முடிந்தது, அளவு 7.3 க்கு 3.0 க்கு 0.6 மீற்றர், படம் இணைத்துள்ளேன். நாளை காலை 8 மணிக்குக் கல் போடத் தொடங்குகிறோம், அதற்கு முன் வந்து பார்க்கவும்." இவ்வளவுதான். சண்டை மாதிரி இருக்காது, மரியாதையாகவும் இருக்கிறது. அவர் சரி என்று ஒரு சொல் போட்டாலும் உங்களுக்குப் போதும், பதில் போடாவிட்டாலும் நீங்கள் அறிவித்தது பதிவில் இருக்கிறது.

மேலதிக வேலையை உடனே அறிவிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீடிக் ஒப்பந்தத்தில் பிரதான கொந்தராத்துக்காரர் கோரிக்கை வைக்க வேண்டுமென்றால் விஷயம் தெரிந்து 28 நாளுக்குள் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் அவரும் மேலே கேட்க முடியாது, பிறகு உங்களுக்குத் தர மனம் இருந்தாலும் அவருக்கு வழி இருக்காது.

மழை, அறுவடை, மண்ணுக்கு அடியில்

ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை மண் வேலை நடக்காது என்று வைத்தே திகதி கொடுங்கள். குளத்து வேலை, வாய்க்கால் வேலை என்றால் இன்னும் இறுக்கம், சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து வாய்க்கால் பூட்டிய பிறகு மாரிக்கு முன்னால் உள்ள அந்த இரண்டு மாதம்தான் உங்களுக்கு. துருசு (குளத்துத் தண்ணீரைத் திறக்கிற கதவு) வேலையை ஒக்டோபரில் தொடங்கச் சொன்னால் எடுக்காதீர்கள். காலபோக அறுவடை வருகிற நாட்களில் பாதி ஆட்கள் வயலில் நிற்பார்கள், அவர்களை மறிக்கவும் கூடாது, அந்த வாரங்களில் வேலை மெதுவாகப் போகும் என்று முதலே சொல்லி வையுங்கள்.

மணல், கிறவல், கல் எதுவானாலும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி இருக்கிற இடத்தில்தான் எடுக்க வேண்டும், ஏற்றுகிற ஒவ்வொரு லோட்டுக்கும் போக்குவரத்து அனுமதி டிப்பருக்குள் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காடு, வனத் திணைக்கள எல்லை, தொல்லியல் எல்லை எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கிறது. "அரச வேலைக்குத்தானே" என்று பொலிசில் சொன்னால் எடுபடாது. டிப்பர் நீதிமன்றத்தில் நின்றால் அது வெளியே வருகிற வரை லீசிங் உங்கள் தலையில்.

கிடங்கு வெட்டுகிற இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்று எழுத்தில் கேளுங்கள், முகமாலை, முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் கட்டாயம் கேளுங்கள். அப்படி ஒப்படைத்த இடத்திலும் துருப்பிடித்த எதையாவது பெக்கோ கிளப்பினால் ஒருவரும் தொடக்கூடாது, ஆட்களை அப்பால் எடுத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். நின்ற நாட்களை எழுதிக் கால நீடிப்புக் கேளுங்கள். அந்த நாட்களைப் பற்றி அவசரப்படாதீர்கள், ஆள் முக்கியம்.

உங்கள் ஆட்கள்

சப் எடுத்த நாளிலிருந்து நீங்கள் முதலாளி. நாட்கூலி ஆளுக்கும் சேமலாப நிதி உண்டு: அவர் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3. அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். இதை விலைக்குள் போடாமல் விட்டால் கட்ட மனம் வராது, ஆகவே முதலே போடுங்கள். பிரதானகாரரின் காப்புறுதி உங்கள் ஆட்களையும் சேர்க்கிறதா என்று பிரதியை வாங்கிப் பாருங்கள், சேர்க்காவிட்டால் நீங்களே எடுங்கள். நாலடிக்கு மேல் போகும் கிடங்கில் பக்கத்துக்கு முண்டு கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள், கரையோர மணல் நிலத்தில் சரிவதற்கு ஒரு நிமிடம் போதும். வெட்டின மண்ணை விளிம்பில் குவிக்கவும் வேண்டாம்.

கடைசிக் காசு

வேலை முடிந்ததும் ரிட்டென்ஷனில் பாதி வர வேண்டும், மிச்சம் பிழை திருத்தும் காலம் முடிந்த பிறகு, அது பெரும்பாலும் 365 நாள். உங்கள் இலாபத்தில் ஒரு நல்ல பங்கு அந்தப் பாதிக்குள்தான் இருக்கிறது, அதைக் கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும், கொம்பனி கொழும்புக்குப் போய்விட்டது, யாரைக் கேட்பது என்று. வேலை முடிந்த திகதியைக் கடிதத்தில் வாங்குங்கள். பத்தாம் மாதம் ஒரு நாள் உங்கள் மேசனையும் கூட்டிக்கொண்டு போய் மதகைச் சுற்றிப் பாருங்கள், எங்காவது பூச்சு வெடித்திருந்தால், கல் கழன்றிருந்தால் அவர்கள் சொல்ல முன் நீங்களே திருத்திப் படம் எடுங்கள். பிறகு பதினோராம் மாதத்தில் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: ஒப்பந்த இலக்கம், முடித்த திகதி, பிடித்து வைத்த தொகை பில் பில்லாக, உங்கள் வங்கிக் கணக்கு இலக்கம். தபால் பற்றுச்சீட்டை அந்த இரட்டைப் பிரதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.